பையை யார் பார்த்துக்கொள்வது?

முதல்முறையாகக் குடும்பத்தோடு தீம் பார்க் கிளம்புகிறவர்கள், எந்த ரைடில் ஏறுவது என்ற பேச்சிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது தேவையே இல்லை. ரைடு எங்கேயும் ஓடிவிடாது, அதற்கான வரிசையும் ஓடிவிடாது. வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுக் கிளம்ப வேண்டிய விஷயம் ஒன்றுதான்: பையை யார் பார்த்துக்கொள்வது? இந்த ஒரு நியமனம் சரியாக அமைந்தால் மீதியெல்லாம் தன்னால் நடக்கும். அமையாவிட்டால், நாலு பை, ஏழு ஜோடி செருப்பு, மூன்று மூக்குக்கண்ணாடி, ஒரு கவர் நிறைய ஈரத்துணி என்று சுமந்துகொண்டு மரத்தடியில் நிற்கப்போவது இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தான்.

லாக்கர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் லாக்கரில் பூட்டிய பைக்குள்தான் பெரியப்பாவின் பிரஷர் மாத்திரை இருக்கும், குழந்தையின் மாற்று உடுப்பு இருக்கும், அண்ணியின் சீப்பு இருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சாவியை வாங்கிக்கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கும் பைக்காவலர் என்றுதான் பெயர், கூடுதலாக நடக்க வேறு வேண்டும்.

பைக்காவலருக்கான தகுதிகள்: முட்டிவலி, தலைசுற்றல், பிரஷர் இவற்றில் ஒன்று. இரண்டு இருந்தால் உத்தமம். யார் கேட்டாலும் எந்தப் பையையும் திறந்து கொடுக்கும் பொறுமை வேண்டும், ஆனால் யார் பணம் எந்த அறையில் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லாத விவேகமும் வேண்டும். அநேகக் குடும்பங்களில் இது அத்தையைத்தான் குறிக்கும். இதை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. "நீங்க இல்லாம எப்படி அத்தை? உங்களுக்காகத்தான் இந்த டிரிப்பே" என்று அழைக்க வேண்டும். அவரும் நம்புவது போலக் கேட்டுக்கொள்வார்.

இனி இடம். சென்னைக்காரர்களுக்கு 2025 டிசம்பரிலிருந்து திருப்போரூர் பக்கம் இள்ளலூரிலேயே வொண்டர்லா வந்துவிட்டது. காலையில் போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அதனாலேயே அதைக் குடும்பப் பயணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்காத, டோல்கேட்டில் சண்டை வராத, ஒருவராவது வாந்தி எடுக்காத பயணம் என்ன பயணம்? ஆகவே இந்த வழிகாட்டி, சேலத்திலிருந்து வேன் பிடித்து, பெங்களூருவைத் தாண்டி, மைசூரு சாலையில் பிடதிக்கு அருகே இருக்கும் வொண்டர்லாவுக்குப் போகிறவர்களுக்கானது.

வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் வாங்க ஓர் உபாயம் உண்டு. இந்த பார்க்கைக் கட்டியவர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. அதாவது வி-கார்ட் ஸ்டெபிலைசர்காரர். 2000ஆம் ஆண்டில் கொச்சியில் வீகாலேண்ட் என்று முதல் பார்க்கைத் திறந்தார், 2005இல் பெங்களூருவில் வொண்டர்லா. இந்தியாவில் இதற்கெல்லாம் முன்னோடி டெல்லியின் அப்பு கர், 1984. மும்பைக்காரர்களுக்கு 1989இல் எஸ்ஸெல்வேர்ல்ட் வந்தது. இந்தச் சரித்திரத்தையெல்லாம் பெரியப்பா காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஸ்டெபிலைசர் என்ற சொல் மட்டும் விழும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வருஷக்கணக்கில் முனகிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்த ஆளு கட்டினதுன்னா சரி, போலாம்" என்பார்.

நாள் குறிப்பது அடுத்தது. சனி, ஞாயிறு வேண்டாம், பெங்களூரு ஐ.டி. ஆட்கள் மொத்தமாக அங்கேதான் இருப்பார்கள். வாரநாளில் போகலாமே என்றால், நவம்பர் முதல் ஜனவரி வரை இரண்டு மாநிலத்துப் பள்ளிக்கூட பஸ்களும் வரிசைகட்டி நிற்கும். மே மாதம் ஊரே லீவு. ஆயுதபூஜை லீவில் போனால் தசரா பார்க்கக் கிளம்பிய கூட்டம் முழுக்க அதே மைசூரு சாலையில்தான் நகர்ந்துகொண்டிருக்கும். ஆக நல்ல நாள் என்று ஒன்று கிடையாது, பெரியப்பா பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிற நாளே நாள். அவர் புதன்கிழமை என்றால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். புதன்கிழமை ராகுகாலம் 12 மணி முதல் 1.30 வரை. உங்கள் பையன் ரோலர் கோஸ்டரில் தலைகீழாகத் தொங்கப்போகிற நேரமும் அதுதான். கிளம்பும் நேரத்துக்குத்தான் அவர் ராகுகாலம் பார்ப்பார், தொங்கும் நேரத்துக்குப் பார்க்க மாட்டார். ஞாபகப்படுத்தாதீர்கள்.

வேன் பேசும்போது "கர்நாடகா பர்மிட் வாடகையில சேர்த்திதானே?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காதவர்களிடம் அத்திப்பள்ளி செக்போஸ்டில் டிரைவர் தானாகவே அந்தப் பேச்சை எடுப்பார்.

சேலம் தாண்டியதும் தொப்பூர் கணவாய். இதை வெறும் சாலையாகப் பார்க்காதீர்கள், குடும்பத்துக்கு உடல்தகுதித் தேர்வு நடக்கும் இடம் இது. வேன் வளைவில் திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. செல்போனில் புதைந்திருக்கும் கண் அப்படி எதுவும் நடக்கவில்லை என்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை வயிற்றைக் காலிசெய்யத் தீர்மானிக்கிறது. தொப்பூரிலேயே கவர் கேட்கிறவர் சுழலும் ரைடில் என்ன ஆவார் என்பதற்கு ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை. துணைப் பைக்காவலர் பதவிக்கு அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா ராட்டினத்துக்கும் ராஜாவாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு வந்த மாமாவே கவர் கேட்டால் கூடுதல் சுவாரசியம்.

ஓசூர், அத்திப்பள்ளி, அங்கிருந்து நைஸ் ரோடு பிடித்து மைசூரு சாலை. பிடதிக்கு இறங்கும் இடத்தில் மெயின் ரோட்டை விட்டு சர்வீஸ் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும். "நேரா போங்க, எனக்குத் தெரியும்" என்று மாமா சொல்வதைக் கேட்டால் நேராக ராமநகரம் போய்ச் சேரலாம். 1975இல் வெளிவந்த ‘ஷோலே’யில் கப்பர்சிங் திரிந்த பாறைகள் அங்கேதான் இருக்கின்றன. மாமா அதைப் பார்ப்பதற்காகவே வந்ததாகச் சொல்லிச் சமாளிப்பார். அனுமதியுங்கள், அவர் தொப்பூரில் ஏற்கெனவே அடிபட்டவர்.

சாப்பாட்டுக் கொள்கை. வெளிச்சாப்பாடு உள்ளே அனுமதியில்லை என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. இது ஆங்கிலம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், இருந்தும் முதல்நாள் இரவு வீட்டில் ஐந்து படி அரிசிக்குப் புளிசாதம் கிளறப்படும். தடுக்க முயன்று பயனில்லை. பிடதியில் தட்டு இட்லி பிரசித்தம். தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி, மேலே வெண்ணெய். எட்டரை மணிக்கு அதைச் சாப்பிடாமல் அந்த ஊரைக் கடப்பது பாவம். பத்தரை மணிக்கு பார்க் வாசலில் வேனை நிறுத்தினதும், உள்ளே விட மாட்டார்களே, வீணாகிவிடுமே என்று புளிசாதத் தூக்கு திறக்கப்படும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவலும் வடகமும். ஆக, பதினொரு மணிவாக்கில் ரைடுகள் ஓடத் தொடங்கும்போது உங்கள் குடும்பம் உலகத்திலேயே தலைகீழாகத் தொங்குவதற்குக் கொஞ்சமும் பொருந்தாத நிலையில் இருக்கும். தயிர்சாதத்தை மட்டும் வேனிலேயே விட்டுவையுங்கள். சாயங்காலம் அதற்கு இருக்கும் மரியாதையே வேறு.

இப்போது டிக்கெட் கவுண்டர். இங்கே கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குடும்பத்தின் மொத்த சாமர்த்தியமும் வெளிப்படும் இடம் இதுதான்.

பிள்ளைகளுக்கு இங்கே வயதில்லை, உயரம்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். 140க்குக் கீழே இருந்தால் சிறுவர் டிக்கெட். அதைத் தாண்டினால் பெரியவர் கட்டணம். உங்கள் பையன் சரியாக 140ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறான். சுவரில் போட்டிருக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் அவனை நிறுத்துகிறார்கள். அம்மா பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டி, "கொஞ்சம் தளர்வா நில்லுடா, ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிறே" என்கிறாள். ஷூவைக் கழற்றச் சொல்கிறாள். தலையில் எண்ணெய் தொட்டு முடியைப் படிய வாரிவிடுகிறாள். அவன் முழங்கால் கால்சட்டைக்குள் லேசாக மடங்குவது கவுண்டர்காரருக்குத் தெரிகிறது, அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான், பார்க்காதது போல இருந்துவிடுகிறார். சில நூறு ரூபாய் மிச்சம்.

ஒரு மணிநேரம் கழித்துப் பெரிய ரோலர் கோஸ்டரின் வாசல். அங்கே 140க்குக் கீழே இருந்தால் ஏற்ற மாட்டார்கள். தோளில் இறங்கும் பாதுகாப்புக் கம்பி அந்த உயரத்து உடம்புக்கு ஏற்ற அளவில் செய்தது, குள்ளமான பிள்ளை நழுவிவிடலாம் என்பதால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. அதே அம்மா, அதே பையன். "நிமிர்ந்து நில்லுடா! கூன் போட்டுக்கிட்டு… சோறு திங்கலையா நீ?" ஷூ மறுபடி காலில் ஏறுகிறது. படிய வாரிய முடி கலைத்துவிடப்படுகிறது.

இந்த விஷயத்தில் இயற்கையும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. முதுகெலும்புத் துண்டுகளுக்கு இடையே உள்ள தட்டுகள் இரவு படுத்திருக்கும்போது நீரை இழுத்து உப்புகின்றன, பகலில் உட்கார்ந்தும் நின்றும் அமுங்குகின்றன. எல்லா மனிதரும் காலையில் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூடுதல் உயரம். அதாவது குட்டையாக இருக்க வேண்டிய டிக்கெட் நேரத்தில் பிள்ளை நெட்டையாகவும், நெட்டையாக இருக்க வேண்டிய ரைடு நேரத்தில் குட்டையாகவும் இருப்பான். இதைத் தலைகீழாக்க ஒரே வழி, விடியற்காலையிலிருந்து வேனில் நெருக்கி உட்காரவைத்துக் கூட்டிவந்து அளவு கொடுத்துவிட்டு, பிறகு மதியம்வரை புல்தரையில் படுக்கவைப்பது. பலன் மில்லிமீட்டர் கணக்கில்தான் வரும். அதைவிடப் பெரியவர் டிக்கெட்டே வாங்கிவிடலாம் என்று பெரியப்பா ஒருவர்தான் சொல்வார். அவர் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள், பணமும் அவருடையதல்ல.

உடை விஷயம். நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி கூடாது, நைலான் மாதிரி செயற்கை இழைதான் வேண்டும். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும், சறுக்கில் வழுக்காது, உதிரும் நூல் போய் ஃபில்டரை அடைக்கும். காரணம் நியாயமானது. ஆனால் பருத்தி வேட்டியைத் தவிர வேறொன்றும் அறியாத பெரியப்பாவிடம் இந்த நியாயத்தை யார் சொல்வது? சொல்லவே வேண்டாம். பேரன் போய்க் கையைப் பிடித்து இழுத்தால் போதும். உள்ளே இருக்கும் கடையில் முழங்கால்வரை வரும் நீலநிற டவுசர் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அவர் உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வரும் அந்த நிமிஷத்தில் யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. எடுத்தால் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடக் கூடாது. போட்டால் குழுவின் முகப்புப் படமாக வைக்கக் கூடாது. இந்த நான்கு விதிகளும் வரிசையாக மீறப்படுவதற்கு அநேகமாக இருபது நிமிஷம் ஆகும்.

வரிசை பற்றி நம்மவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜன்னல் வழியே துண்டு போட்டு பஸ்ஸில் சீட் பிடித்த பரம்பரை. இருந்தாலும் ஒரு எச்சரிக்கை: ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு மற்ற எட்டுப் பேர் கடைசி நிமிஷத்தில் "எங்க ஆளு அங்கே நிக்கிறாரு" என்று நுழையும் உத்தி, முன்னால் நிற்பது இன்னொரு தமிழ்க் குடும்பமாக இருந்தால் பலிக்காது. அவர்களும் அதே பள்ளியில் படித்தவர்கள். கூடுதல் பணம் கட்டினால் ஃபாஸ்ட்டிராக் டிக்கெட் கிடைக்கும், குறுகிய வரிசையில் போகலாம். வாங்காதீர்கள். வரிசையில் நிற்காவிட்டால் மாமாவின் புது வீட்டுக் கடன் பற்றியும் சின்னவளுக்கு வந்திருக்கும் வரன் பற்றியும் எப்போது பேசுவது?

ரைடுகளைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும். ரீகாயில் என்று ஒரு ரோலர் கோஸ்டர். பூமராங் வகை. ஹாலந்தின் வெகோமா கம்பெனி 1980களிலிருந்து உலகமெங்கும் விற்றுவரும் மாதிரி. இதில் எஞ்சின் கிடையாது. வண்டியைப் பின்பக்கமாக மேட்டின் உச்சிக்கு இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அது இறங்கி, புறப்பட்ட மேடையையே தாண்டிப் பாய்ந்து, மூன்று தடவை தலைகீழாகி, எதிர்மேட்டில் ஏறி நிற்கும். முடிந்தது என்று நினைக்கும்போது வந்த வழியே, அதே மூன்று தலைகீழையும் பின்பக்கமாகச் செய்து திரும்பும். முன்சீட்டு வாங்கினால் மேலே இழுக்கும்போதே கீழே தரை முழுசாகத் தெரியும். கடகடவென்ற சத்தத்தோடு மேடை சுருங்கிக்கொண்டே போகும், பைகளோடு நிற்கும் அத்தை ஒரு மஞ்சள் புள்ளியாகிவிடுவார். நடுசீட்டே குடும்பஸ்தர்களுக்கு உகந்தது. கூச்சல் மட்டும் போட்டுவிடுங்கள், யாரும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். ஆனால் "ஐயோ அம்மா" என்று கத்தியவர் யார் என்று கீழே இறங்கியதும் விசாரணை நடக்கும். கத்தியது மாமா என்றாலும் பையன்தான் என்று சாட்சி சொல்லுங்கள்.

இந்தச் சமாச்சாரத்தையெல்லாம் ஆரம்பித்துவைத்தவர்களில் ஒருவர் லாமார்க்கஸ் தாம்சன் என்ற அமெரிக்கர். ஊரார் ஒழுக்கம்கெட்ட இடங்களுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் மேடுபள்ளமான ஒரு ரயில்பாதை போட்டார். ஐந்து சென்ட் கட்டணம், மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகம். மறுகோடியில் எல்லோரும் இறங்கி, வண்டி திருப்பப்படும்வரை காத்திருந்து, திரும்ப ஏற வேண்டும். அத்தைக்கு அளவெடுத்துச் செய்தது போன்ற ரைடு. நூற்றைம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தாமதித்துப் பிறந்துவிட்டார்.

அலைக்குளமும் மழை நடனமும் தனியாகப் பரிந்துரைக்கத் தேவையில்லாதவை. முதலாவதில் பெண்கள் காலை மட்டும் நனைக்கப் போவார்கள், திரும்பும்போது தலை சொட்டும். இரண்டாவதில் இருட்டு அறை, வெதுவெதுப்பான செயற்கை மழை, பலத்த பாட்டு. அங்கே ஆடுகிறவர்களில் உங்கள் மேனேஜரைப் போன்ற ஒருவர் தெரிந்தால் அவராகவே இருக்கலாம். நீங்களும் ஆடிக்கொண்டிருப்பதால் இருவரும் பேசாமல் விட்டுவிடுவது முறை.

எவ்வளவு திட்டமிட்டாலும் ஏதாவது கெட்டுப்போகும். மனம் தளராதீர்கள். வால்ட் டிஸ்னி ஒரு வருஷமும் 1.7 கோடி டாலரும் செலவழித்துக் கட்டிய டிஸ்னிலேண்டை 1955 ஜூலை 17 அன்று திறந்தார். கள்ள டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் நுழைந்தார்கள். வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதியுயர்ந்த செருப்புகள் தரையில் புதைந்தன. பிளம்பர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்ததால் குடிதண்ணீர்க் குழாயா கழிவறையா, ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை. டிஸ்னி கழிவறையைத் தேர்ந்தெடுத்தார். பெரியவர்களோடு பயணம் போன எவரும் அதே முடிவைத்தான் எடுப்பார்கள். பார்க் வரைபடத்தில் முதலில் பென்சிலால் வட்டம்போட வேண்டியதும் அதைத்தான், ரோலர் கோஸ்டரை அல்ல.

மூன்று மணிக்குமேல் பைக்காவலரை யாராவது மாற்றிவிட வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. "அத்தை, நீங்க ஒண்ணுலயாவது ஏறுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள், யாரும் பையைக் கையில் வாங்க மாட்டார்கள். அத்தை "எனக்கெதுக்குடா இதெல்லாம்" என்பார். ஆனால் அதற்குள் அவர் பக்கத்து பெஞ்சுத் தருமபுரிக் குடும்பத்தின் பைக்காவலரோடு சம்பந்தம் பேசுகிற அளவுக்கு நெருங்கியிருப்பார். சின்னவளின் வரன் விஷயம் வரிசையில் நீங்கள் இரண்டு மணிநேரம் பேசியதைவிட அந்த பெஞ்சில் அதிகம் நகர்ந்திருக்கும். ரைடுக்கு வா என்று அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், காரியம் கெட்டுவிடும்.

புறப்படும்போது தலை எண்ணுங்கள், செருப்பு எண்ணுங்கள். ஈரத்துணிக் கவரைத் தயிர்சாதத் தூக்குக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பிறகு கணக்கு. டிக்கெட்டை ஆன்லைனில் போட்டவர், வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர், டவுசருக்குப் பணம் கட்டியவர், டோல் கொடுத்தவர் என்று நாலு பேருக்கு நாலு தொகை வரவேண்டியிருக்கும். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம் மாப்ளே" என்று மாமா ஆரம்பிப்பார். விடாதீர்கள். கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்குள் ஒவ்வொருவரிடமும் ஜிபே வாங்கி முடித்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் வேனில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், பணம் தர வேண்டியவர்கள் முதலில்.